சர்வரிலிருந்து கழற்றிய டிஸ்க்கில் ‘ஓகே’ அழுத்தாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஈரோட்டில் பழுதான ஹார்டு டிஸ்க்குகளிலிருந்து டேட்டா மீட்டுக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். ஜவுளிக் கம்பெனிகள், கல்யாண ஸ்டூடியோக்கள், ஆடிட்டர் ஆபீஸ்கள், சின்ன ஆஸ்பத்திரிகள் இவைதான் என் வாடிக்கையாளர்கள். கோடை இடி இடிக்கும் நாட்களிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் கரன்ட் போய்ப் போய் வரும்போது சர்வர் டிஸ்க்குகள் என் மேஜைக்கு அதிகமாக வரும். அந்தப் பருவம் மறுபடி நெருங்குவதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். என் அனுபவத்தில், டிஸ்க் பழுதானதால் போன டேட்டா குறைவு. பழுதான பிறகு, முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பதற்றத்தில் யாராவது செய்த காரியத்தால் போனதுதான் அதிகம். அதைத் தடுக்கப் பெரிய படிப்போ பணமோ வேண்டாம். விஷயம் தெரிந்திருந்தால் போதும்.

போன கோடையில் திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். பையில் ஒரே ஒரு டிஸ்க். “அண்ணா, சர்வர் போயிருச்சுங்க. டேட்டா இருக்கிற டிஸ்க்கைக் கழட்டிட்டு வந்துட்டேன், எடுத்துக் குடுங்க” என்றார். சர்வரில் மொத்தம் எத்தனை டிஸ்க் என்று கேட்டேன். நான்கு, ரெய்டு 5 என்றார். பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே டிஸ்க் போல ஓட்டும் முறைக்குத்தான் ரெய்டு என்று பெயர், 5 என்பது அதில் ஒரு வகை. மற்ற மூன்றும் எங்கே என்றேன். இரண்டு கம்பெனியில் இருக்கின்றன, ஒன்றை வாரன்டிக்கு அனுப்பிவிட்டோம் என்றார்.

ரெய்டு 5 போட்ட சர்வரில் ‘டேட்டா இருக்கிற டிஸ்க்’ என்று தனியாக ஒன்று கிடையாது. ஒவ்வொரு ஃபைலும் 64 கேபி, 256 கேபி என்று துண்டு துண்டாக வெட்டப்பட்டு எல்லா டிஸ்க்குகளிலும் மாறி மாறி எழுதப்படும். நான்கு டிஸ்க் இருந்தால், ஒவ்வொரு வரிசையிலும் மூன்றில் டேட்டா, நான்காவதில் பாரிட்டி என்ற சரிபார்ப்புத் துண்டு. அந்தப் பாரிட்டியும் ஒரே டிஸ்க்கில் உட்காராமல் வரிசைக்கு வரிசை இடம் மாறும். பாரிட்டியின் கணக்கு மிக எளிது. மூன்று டிஸ்க்குகளில் 1, 0, 1 என்று இருக்கிறது என வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுகள் இரட்டைப்படையில் இருப்பதால் பாரிட்டி 0. இப்போது நடு டிஸ்க் போய்விட்டது. மிச்சம் இருப்பது 1, 1, பாரிட்டி 0. இரட்டைப்படை ஏற்கெனவே சரியாக இருக்கிறது, ஆகவே போனது 0. இப்படி ஒரு டிஸ்க் முழுவதையும் மற்ற மூன்றிலிருந்து கணக்குப் போட்டே திரும்ப எழுதிவிடலாம். இரண்டு டிஸ்க் போனால் கணக்கு நிற்காது. அந்த இரண்டில் ஒன்றையாவது பழுது பார்த்து உயிர்ப்பித்தால்தான் உண்டு. வேறு வழி உலகத்தில் எந்த லேபிலும் இல்லை.

ஆக, நான்கில் மூன்று என் கையில் இருந்தால் எல்லாமே வரும். ஒன்று மட்டும் இருந்தால் என்ன வரும்? ஒரு துண்டுக்குள் அடங்குகிற சின்னச் சின்ன ஃபைல்கள் சில முழுசாக வரலாம், ஒரு பக்கக் கடிதம் அல்லது ஒரு சின்ன லோகோ மாதிரி. 5 எம்பி போட்டோ வராது. மென்பொருள் ‘ரெகவர் ஆகிவிட்டது’ என்று காட்டும், திறந்தால் மேலே ஒரு கீற்று தெரியும், கீழே முழுவதும் சாம்பல் நிறம். இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் ஒரு ஃபைலின் பெயர், அளவு, தேதி எல்லாம் பெரும்பாலும் 1 கேபி பதிவுக்குள் அடங்கிவிடும். அதனால் ஒற்றை டிஸ்க்கை ஸ்கேன் செய்தாலும் ஆயிரக்கணக்கில் ஃபைல் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். அதைப் பார்த்துவிட்டு ‘எல்லாம் இருக்கு’ என்று நம்பி, இணையத்தில் மென்பொருளுக்கு டாலரில் பணம் கட்டியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெயர் இருக்கும், உள்ளடக்கம் இருக்காது. முன்பணம் வாங்குவதற்கு முன் இதை வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவது எங்கள் தொழிலில் குறைந்தபட்ச நேர்மை.

திருப்பூர் விஷயத்துக்கு வருகிறேன். விசாரித்தபோதுதான் முழுக் கதையும் தெரிந்தது. ஜனவரியிலேயே ஒரு டிஸ்க் விழுந்துவிட்டது. ஆரஞ்சு விளக்கு எரிந்திருக்கிறது, சர்வர் பீப் பீப் என்று கத்தியிருக்கிறது. வேலை நிற்காததால் சத்தத்தை மட்டும் அணைத்துவிட்டார்கள். மே மாதம் ஒரு ராத்திரி இடி மழையில் இரண்டாவது டிஸ்க் விழுந்தது, சர்வர் நின்றது. ஏ.எம்.சி.க்காரர், அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்தவர் வந்து நான்கு டிஸ்க்கையும் எது எந்த ஸ்லாட் (டிஸ்க் செருகும் இடம்) என்று குறிக்காமல் உருவியிருக்கிறார். நன்றாக இருந்த இரண்டில் ஒன்றை யூஎஸ்பி டாக்கில் போட்டு லேப்டாப்பில் செருகியிருக்கிறார். ‘டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்ய வேண்டும்’, அதாவது புது டிஸ்க் போலத் தயார் செய்ய வேண்டும் என்று விண்டோஸ் கேட்டது. ஓகே கொடுத்துவிட்டார். கடைசியாக விழுந்த டிஸ்க்கை வாரன்டிக்கு அனுப்பியாயிற்று. பழையதைக் கொடுத்தால்தான் புதியது என்பது வாரன்டியின் விதி.

இங்கே நடந்தவற்றில் மன்னிக்கக்கூடியது இனிஷியலைஸ் செய்ததுதான். அது டிஸ்க்கின் தொடக்கத்தில் சில செக்டர்களையும் (டிஸ்க்கின் மிகச் சிறிய பகுதிகள்) கடைசியில் சில செக்டர்களையும் மட்டும்தான் எழுதும். நடுவில் உள்ளது அப்படியே இருக்கும். ஆனால் டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் பல ரெய்டு கார்டுகள் ‘நான் இந்தக் கூட்டத்தில் எத்தனையாவது டிஸ்க், துண்டின் அளவு என்ன’ என்ற குறிப்பை டிஸ்க்கின் கடைசிப் பகுதியில்தான் எழுதி வைக்கின்றன. இனிஷியலைஸ் செய்தபோது அந்தக் குறிப்பின்மேல் விண்டோஸ் தன் பார்ட்டிஷன் அட்டவணையின் (டிஸ்க் எப்படிப் பிரிந்திருக்கிறது என்ற பட்டியல்) நகலை எழுதிவிட்டது. ஸ்லாட் நம்பரும் இல்லை, குறிப்பும் இல்லை என்றால் டிஸ்க்குகளின் வரிசையையும் துண்டின் அளவையும் நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பொறுமையாக உட்கார்ந்தால் முடிகிற வேலை அது.

மீள முடியாத இழப்பு வாரன்டிக்குப் போன டிஸ்க்கில்தான் நடந்தது. என் கையில் கிடைத்தவை நல்ல டிஸ்க் இரண்டும், ஜனவரியில் விழுந்ததும். ஜனவரி டிஸ்க்கில் அந்த மாதத்தோடு உலகம் நின்றுவிட்டது. மற்ற இரண்டிலும் மே மாதம் வரை எழுதப்பட்டிருக்கிறது. மூன்றையும் சேர்த்தால் ஜனவரிக்குப் பிறகு யாரும் தொடாத ஃபைல்கள் முழுசாக வந்தன. பழைய டிசைன்கள், முந்தைய வருஷத்துக் கணக்குகள் எல்லாம் கிடைத்தன. அதன் பிறகு எழுதப்பட்டவை உடைந்து வந்தன. டேலி என்ற மென்பொருளில் போடும் கணக்கு தினமும் எழுதப்படுவது. அந்தக் கம்பெனிக்காக டேலி வைத்திருந்த, ஐந்திலக்க எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர் இருந்தது, உள்ளே ஃபைல்களும் இருந்தன, டேலி அதைத் திறக்க மறுத்துவிட்டது. பிப்ரவரியிலிருந்து மே வரையிலான பில்களைக் காகிதத்திலிருந்தும் ஜிஎஸ்டி தளத்திலிருந்தும் பார்த்து அந்தக் கம்பெனியின் கணக்குப்பிள்ளை மறுபடி உட்கார்ந்து ஏற்றினார். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, வருடாந்திர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். ‘டிஸ்க் போய்விட்டது’ என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு எழுந்து வர முடியாது. வாரன்டிக்குப் போன டிஸ்க்கைத் திரும்ப வாங்க அவர்கள் அலைந்தார்கள், கிடைக்கவில்லை. அதில் சம்பளப் பட்டியலும் தொழிலாளர்களின் ஆதார் நகல்களும் துண்டு துண்டாக இருந்தன என்பதை அப்போது யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. பழுதான டிஸ்க்கை நாமே வைத்துக்கொள்ளும் வசதியைப் பெரிய சர்வர் நிறுவனங்கள் தனிக் கட்டணத்துக்குத் தருகின்றன. சர்வர் வாங்கும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள். டேட்டா முழுவதும் கைக்கு வந்து திறந்து பார்க்கும் வரை பழைய டிஸ்க் எதையும் வெளியே அனுப்பாதீர்கள்.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. கோபிப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் இரண்டு டிஸ்க் போட்ட நாஸ் பெட்டி (நெட்வொர்க் வழியாக ஃபைல்களைச் சேமித்து வைக்கும் பெட்டி) ஒன்று மின்னழுத்தம் ஏறியதில் எரிந்துபோனது. அது மிரர், அதாவது ரெய்டு 1. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே டேட்டா. ஒன்றைக் கழற்றி கம்ப்யூட்டரில் போட்டதும் ‘ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்’ என்று விண்டோஸ் சொல்ல, டிஸ்க்கும் போய்விட்டது என்று அழாத குறையாக வந்தார் உரிமையாளர். நல்லவேளை, ஃபார்மட் கொடுக்கவில்லை. டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. நாஸ் பெட்டிகள் பெரும்பாலும் உள்ளே லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடுகின்றன, அவற்றின் ஃபைல் முறையை விண்டோஸ் அப்படியே படிக்காது. விண்டோஸுக்குத் தெரியாத மொழியில் எழுதியிருக்கிறது என்பதுதான் அந்தச் செய்தியின் பொருள். டிஸ்க்கை லினக்ஸ் கம்ப்யூட்டரில் போட்டு, எதுவும் எழுத முடியாதபடி ‘படிக்க மட்டும்’ என்று வைத்து, எம்டிஏடிஎம் என்ற இலவசக் கருவியால் மிரரை ஒற்றைக் காலில் நிறுத்தினால் போதும். அவருடைய அத்தனை கல்யாண போட்டோக்களும் வந்துவிட்டன.

இதிலும் ஒரு பொறி உண்டு, எங்கள் தொழிலில் புதிதாக வரும் தம்பிகளுக்காகச் சொல்கிறேன். சினாலஜி நிறுவனத்தின் நாஸ் பெட்டி போன்றவற்றில் ஒவ்வொரு டிஸ்க்கும் மூன்று பார்ட்டிஷனாகப் பிரிந்திருக்கும். முதலாவது பெட்டியின் சிஸ்டம், இரண்டாவது ஸ்வாப் (பெட்டியின் நினைவகத்துக்குத் துணையான தற்காலிக இடம்), அதற்குப் பிறகுதான் நம் டேட்டா. சிஸ்டம் பகுதி எல்லா டிஸ்க்கிலும் மிரராக இருப்பதால் முதலில் அதுதான் சுலபமாகத் திறக்கும். உள்ளே போட்டோ எதுவும் இல்லாததைப் பார்த்துவிட்டு ‘டிஸ்க் காலி’ என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது. டேட்டா பகுதிக்கு மேல் எல்விஎம் என்ற இன்னோர் அடுக்கும் இருக்கலாம், அதையும் எழுப்ப வேண்டும். தன் பெட்டியின் டிஸ்க்குகளைச் சாதாரண உபுண்டு லினக்ஸ் கம்ப்யூட்டரில் போட்டு டேட்டா எடுப்பது எப்படி என்று அந்த நிறுவனமே வழி எழுதி வெளியிட்டிருக்கிறது. ஆகவே, பெட்டி எரிந்துவிட்டது என்பதற்காக டேட்டாவுக்கு ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை.

சரி, சர்வர் நின்றுவிட்டது, என்ன செய்வது? முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். கடகடவென்று சத்தம் வரும் டிஸ்க்கைத் ‘இன்னொரு தடவை பார்ப்போம்’ என்று மறுபடி மறுபடி ஓட விடாதீர்கள். உள்ளே டேட்டாவைப் படிக்கும் ஹெட், சுழலும் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில்தான் பறக்கிறது. அது உரசினால் ஒவ்வொரு சுற்றிலும் டேட்டா தூளாகும். பிறகு, டிஸ்க்கை உருவுவதற்கு முன்பே மார்க்கர் பேனாவால் ஒவ்வொன்றின் மேலும் ஸ்லாட் நம்பர் எழுதுங்கள். செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், எந்த விளக்கு என்ன நிறத்தில் எரிகிறது என்பதும் அதில் தெரிய வேண்டும். ஒன்று விடாமல் எல்லா டிஸ்க்கையும், முன்பே கழற்றி மூலையில் போட்ட செத்த டிஸ்க்கையும் சேர்த்து எடுத்து வையுங்கள். எது எப்போது விழுந்தது என்று நினைவிருந்தால் அதையும் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். அந்த ஒரு வரி எங்களுக்குப் பல நாள் வேலையைக் குறைக்கும்.

மீட்பவரின் முதல் வேலை ஒவ்வொரு டிஸ்க்கையும் அப்படியே இமேஜ், அதாவது முழு நகல் எடுப்பது. ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் போதும். நன்றாகப் படிக்க முடிகிற இடங்களை முதலில் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் பேட் செக்டர்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எதை எடுத்தோம், எது பாக்கி என்று ஒரு கோப்பில் குறித்துக்கொண்டே போகும், நடுவில் கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நல்ல 4 டிபி டிஸ்க் ஒன்றுக்கே ஏழெட்டு மணி நேரம் ஆகும், பழுதானதற்கு நாள்கணக்கில் ஆகலாம். ‘சாயங்காலமே கொடுத்துடுங்க’ என்று அவசரப்படுத்துகிறவர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். அதன் பிறகு ரெய்டைச் சேர்த்துப் பார்ப்பதெல்லாம் நகலின் மேல்தான். நகலில் பத்து தடவை தவறாகச் சேர்த்தாலும் மூல டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகாது. நகல் எடுக்காமல் நேரடியாக மூல டிஸ்க்கில் கை வைப்பவரிடம் உங்கள் டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு குறைவாகக் கேட்டாலும்.

சர்வர் டிஸ்க்குகளில் பல எஸ்ஏஎஸ் என்ற இணைப்பு வகை. பார்க்கச் சாதாரண கம்ப்யூட்டர் டிஸ்க்கின் சாட்டா வகை மாதிரியே இருக்கும், சாதாரண கம்ப்யூட்டரின் சாட்டா கேபிளில் செருகாது. பிளாஸ்டிக்கைச் செதுக்கிச் செருகப் பார்த்த டிஸ்க்குகள் என்னிடம் வந்திருக்கின்றன. அதற்கென்று கார்டு இருக்கிறது, இல்லாதவர் இருப்பவரிடம் கொடுப்பதே முறை. இன்னொரு டிஸ்க்கிலிருந்து பச்சை நிற சர்க்யூட் பலகையைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்று இணையத்தில் வீடியோக்கள் சுற்றுகின்றன. இன்றைய டிஸ்க்குகளில் அந்தப் பலகையின் ரோம் சிப்பில் அந்த ஒரு டிஸ்க்குக்கே உரிய அளவுகள் பதிவாகியிருக்கும், பலகையை மட்டும் மாற்றினால் வேலை செய்யாது. ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லும் வீடியோவும் உண்டு. தயவுசெய்து வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும்.

ரீபில்டைப் பற்றியும், அதாவது போன டிஸ்க்கின் டேட்டாவைக் கணக்குப் போட்டுப் புதிய டிஸ்க்கில் எழுதுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகச் சேதம் அங்கேதான். புதிய டிஸ்க் போட்டு ரீபில்ட் கொடுத்தால் மற்ற எல்லா டிஸ்க்கையும் கார்டு முதல் செக்டரிலிருந்து கடைசி வரை படிக்கும். நான்கு 4 டிபி டிஸ்க்குகளில் ஒன்று போனால் 12 டிபி படிக்க வேண்டும். சாதாரண டிஸ்க்குகளின் விவரத்தாளில், 100 லட்சம் கோடி பிட் படித்தால் ஒரு பிழை வரலாம் என்று போட்டிருக்கிறார்கள். அது கிட்டத்தட்ட 12.5 டிபி. நடப்பில் அவ்வளவு மோசமில்லை என்றாலும், ஒரே நாளில் வாங்கி, ஒரே பெட்டியில், ஒரே சூட்டில் ஐந்து வருஷம் ஓடிய டிஸ்க்குகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுவதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஆகவே முக்கிய ஃபைல்களை வெளியே நகல் எடுத்த பிறகே ரீபில்ட். இரண்டு டிஸ்க் விழுந்துவிட்ட நிலையில், பழைய டிஸ்க்கைக் கட்டாயப்படுத்தி உள்ளே சேர்த்து ரீபில்ட் கொடுத்தால், நல்ல டேட்டாவின் மேலேயே பழையதும் புதியதும் கலந்த குப்பை எழுதப்படும். அதற்குப் பிறகு என்னிடம் வந்து பயனில்லை. வேறு சர்வருக்கோ புதிய கார்டுக்கோ டிஸ்க்குகளை மாற்றும்போது ‘ஃபாரின் கான்ஃபிகரேஷன்’ என்று திரையில் வரும். அங்கே இம்போர்ட் என்றும் கிளியர் என்றும் இரண்டு வழி இருக்கும். கிளியர் கொடுத்தால் ரெய்டின் குறிப்பே அழிந்துபோகும். எது என்று சந்தேகம் இருந்தால் இரண்டையும் தொடாமல் அணைத்துவிடுங்கள்.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் எஸ்எஸ்டி போட்ட சர்வர்களில் இன்னும் கவனம் வேண்டும். சுழலும் டிஸ்க்கில் தவறுதலாக விரைவு ஃபார்மட் கொடுத்தாலும் அடியில் டேட்டா கிடக்கும். எஸ்எஸ்டியை நேரடியாகக் கம்ப்யூட்டரில் மாட்டி ஃபார்மட் கொடுத்தால், ட்ரிம் என்ற கட்டளை போய் உள்ளே இருப்பதை அதுவே துடைத்துவிடக்கூடும். அங்கே எங்களுக்கு வேலையே இருக்காது.

ரெய்டு இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று கேட்கும் முதலாளிகள் இன்னும் இருக்கிறார்கள். 1988-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் என்ற மூவர் ரெய்டை முன்வைத்த கட்டுரையை எழுதியபோது அவர்கள் யோசித்தது, பல சின்ன டிஸ்க்குகளைச் சேர்த்து வேகமாக ஓட்டுவது, ஒன்று விழுந்தாலும் வேலை நிற்காமல் பார்ப்பது. கை தவறி அழித்த ஃபைலையோ, வைரஸ் பூட்டிய ஃபைலையோ ரெய்டு காப்பாற்றாது, அந்த அழிவையும் எல்லா டிஸ்க்கிலும் சரியாக எழுதி வைக்கும். பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, திறந்து பார்க்கவும் வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் எழுதுவோரின் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முக்கிய டேட்டாபேஸை அழித்துவிட்டார். தேடிப் பார்த்தால் வழக்கமாக எடுத்த பேக்கப்புகள் கைகொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி என்றால் நம் ஊர் கம்பெனிகள் மாதம் ஒரு முறையாவது பேக்கப்பிலிருந்து ஒரு டேலி கம்பெனியைத் திறந்து பார்க்க வேண்டும்.

உங்கள் பத்திரிகை மூலம் நான் கேட்பது இவ்வளவுதான். கம்பெனிகளும் ஆஸ்பத்திரிகளும் பள்ளிகளும் ஏ.எம்.சி. போடும்போது மூன்று வரிகளை அதில் சேர்க்கட்டும். ஒன்றுக்கு மேல் டிஸ்க் விழுந்தால் உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் இனிஷியலைஸ், ஃபார்மட், ரீபில்ட் எதுவும் செய்யக் கூடாது. ஸ்லாட் நம்பர் எழுதாமல் டிஸ்க்கை உருவக் கூடாது. டேட்டா கிடைத்துவிட்டது என்று உரிமையாளர் கையெழுத்துப் போடும் வரை எந்த டிஸ்க்கும் வாரன்டிக்கோ காயலான் கடைக்கோ போகக் கூடாது. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஹார்டுவேர் சொல்லிக் கொடுக்கும்போது ரெய்டு உருவாக்குவதோடு நிறுத்தாதீர்கள். பழைய டிஸ்க் மூன்றை வைத்து ரெய்டு 5 போட்டு, ஒன்றை உருவி, நகல் எடுத்து, அந்த நகலிலிருந்து டேட்டாவை மீட்கும் வரை பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்து பார்க்கட்டும். லினக்ஸும் தேவையான கருவிகளும் இலவசம், பழைய டிஸ்க்குகள் எல்லாக் கல்லூரி ஸ்டோர் ரூமிலும் கிடக்கின்றன. அந்தப் பிள்ளைகள்தான் நாளைக்கு ஏ.எம்.சி.க்காரராக நம் சர்வர் அறைக்குள் வரப் போகிறார்கள்.

இப்படிக்கு,
டேட்டா மீட்புத் தொழில் செய்யும் வாசகர்,
ஈரோடு.